வாசலில் ஒரு பெரட்டு

பதுளை
7 ஜூன் 1921

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி லிங்கம் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் வீட்டிலிருந்து சுகமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டித் தந்த ரொட்டி நான் படிப்பிக்கும் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் தாங்கவில்லை, வழியிலேயே தின்று தீர்த்தேன். நல்ல செய்தி இவ்வளவுதான். மீதியெல்லாம் கோபம், உட்கார்ந்து படியுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு நடத்துவது கங்காணியான உங்கள் வேலை. ஆனால் அதற்கு முன்னால், வீட்டு வாசலில், பரிமளத்துக்கு ஏன் பெரட்டு? ஒன்பது வயதுப் பிள்ளை சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளிரில் நிற்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டில் திக்கியது. உடனே "அரைப் பேர்!" என்றீர்கள். கொழுந்து குறைந்தவளுக்கு அரை நாள் சம்பளம். மகளுக்கு அரை வயிற்றுச் சோறு. கூடையோடு போன பெண்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கங்காணி மகளுக்கே அரைப் பேரா! அப்ப நமக்கெல்லாம் கால் பேருதான்டி!" என்று கருப்பம்மா சொல்ல, லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பரிமளம் சிரிக்கவில்லை.

பிறகு தண்ணீர்ப் பீலியடியில் குடம் நிறையும் வரை அவளோடு நின்றேன். நான் கேட்காமலேயே ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தாள். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் அவள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இதை நிறுத்துங்கள். முடியாதென்றால் அவளை இங்கே அனுப்புங்கள், எங்கள் வீட்டிலிருந்து படிக்கட்டும். என் மனைவி விசாலாட்சிக்கும் சம்மதம்.

தங்கள் தம்பி,
லிங்கம்

நமுனுகுல
15 ஜூன் 1921

தம்பி லிங்கத்துக்கு அண்ணன் ராமநாதன் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை உன் அண்ணி பூவம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டினால் அவளும் உன் கட்சியில் சேர்ந்துவிடுவாள்.

உனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அதற்குள் பிள்ளை வளர்ப்புக்கும் உபாத்தியாயர் ஆகிவிட்டாய். நம் அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திப் பிடியால் அடித்தது உனக்கு ஞாபகம் இருக்காது. நீ சிறியவன், அடியெல்லாம் எனக்குத்தான். பரிமளம் பிறந்த அன்று இவள் மேல் கை வைப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். இன்றுவரை வைக்கவில்லை. கை வைக்காமல் வேறு எப்படித் திருத்துவது? எனக்குத் தெரிந்தது பெரட்டு ஒன்றுதான். நூற்றிருபது பேரை அதில்தான் நடத்துகிறேன். அவளுக்கு அரைப் பேர் போடுகிற நாளில் நானும் அரைச் சோறுதான் உண்கிறேன். அது உனக்குத் தெரியுமா?

வருகிற ஜூலை பதினாலாம் தேதி துரை தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார். "பொட்டப் புள்ளைக்கு என்னா படிப்பு கங்காணி? பத்து வயசாச்சுன்னா கூடைய மாட்டி விடுங்க" என்று கணக்கப்பிள்ளை என் முகத்துக்கு நேரே சொல்கிறான். பரிமளம் துரை முன்னால் வாசித்துக் காட்டிவிட்டால் அவளைக் கூடைக்கு அனுப்பாமல் காப்பாற்றலாம். அதற்குத்தான் இத்தனை பாடு. பெற்ற பிள்ளையைத் தம்பி வீட்டில் விட நான் என்ன செத்தா போனேன்?

இதிலுள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பாதே.

ராமநாதன்

பதுளை
20 ஜூன் 1921

அண்ணா,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. நீங்களும் பட்டினி கிடந்தால் அவள் பசி குறைந்துவிடுமா? தயவுசெய்து அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அப்பாவையும் பட்டினி போட்டோமே என்று அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமப்பாள்.

பெரட்டு யாரையும் வளர்க்க வந்ததல்ல. துரைக்குத் தலை எண்ணிக் கொடுக்க வந்தது. நம் ஆட்கள் அதில் நின்று நின்றே கூனிப்போனார்கள். அந்தக் கூனலை வீட்டுக்குள் கொண்டுவந்து மகளுக்குப் பழக்குகிறீர்கள், அதற்குப் பாசம் என்று பேர் வேறு.

நானும் யோக்கியன் அல்ல. போன வருடம் கடைக்கார மொஹிதீன் மகன் ஸரூக்கைத் தினமும் பெஞ்சின்மேல் ஏற்றி நிற்கவைத்தேன். ஒரு நாள் வரவில்லை. போய்ப் பார்த்தால் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். ஒரு வாரம் தினமும் கடைக்குப் போய் அவனோடு தரையில் உட்கார்ந்து கோலி ஆடினேன். பிறகுதான் வந்தான். இன்றும் என்னைக் கண்டால் அவனுக்குப் பாதிச் சிரிப்புத்தான் வருகிறது.

அவள் திக்கினால் பொறுத்திருங்கள். சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். ஆறு சரி, ஒன்று பிழை என்றால் அந்த ஆறையும் சொல்லிப் பாராட்டுங்கள். வேலை விட்டு வந்ததும் கால் மணி நேரம் அவளோடு சும்மா உட்கார்ந்திருங்கள். இதற்குத் துரையின் உத்தரவு தேவையில்லை.

லிங்கம்

நமுனுகுல
16 ஜூலை 1921

தம்பி லிங்கத்துக்கு,

நீ எழுதியதை ஒரு நாள் செய்து பார்த்தேன். மாலையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "ஒக்காரும்மா" என்றேன். உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். கால் மணி நேரமும் அப்படியே போனது. எனக்கு வெறுத்துவிட்டது. மறுநாள் பழையபடி பெரட்டு.

துரை வந்தார். பரிமளத்தின் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. பாவாடை நனைந்துவிட்டது. கணக்கப்பிள்ளை சிரித்தான். துரை சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்று நான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. பூவம்மா சோறு போட்டதும் பிள்ளை தானாகவே பாதியை அள்ளிப் பானையில் திருப்பிப் போட்டது. "இப்ப நிம்மதியாங்க?" என்றாள் பூவம்மா.

நேற்று மாலை பரிமளத்திடம் கேட்டேன்: "சித்தப்பா வீட்டுக்குப் போறியாம்மா?"

"போறேன்" என்றாள்.

திக்கவில்லை, தம்பி. என் முகத்தைப் பார்த்து இரண்டு வருடத்தில் அவள் திக்காமல் சொன்ன முதல் வார்த்தை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டி வருகிறேன். நீ வந்து அழைத்துப்போக வேண்டாம். வண்டியும் சொல்லவில்லை, நடந்தே வருவோம். பத்து மைல்கட்டை தூரம். களைத்தால் தூக்கிக்கொள்வேன், தூக்க விடுவாளோ தெரியாது.

வழியில் நான் முதலில் வாய் திறக்கப் போவதில்லை. அவளாக ஏதாவது சொன்னால், முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே வருவேன்.

உன் அண்ணன்,
ராமநாதன்