நாலு பேருக்கும் ஒரே கன்னியாஸ்திரி

நிலவறையில் பழைய கடதாசிகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன், டீச்சர். என் பெயரும் விலாசமும் உள்ள எதையும் முழுதாகக் குப்பையில் போடமாட்டேன். அகதியாக வந்த காலத்துப் புத்தி இன்னும் போகவில்லை. கிழிக்கப் போன ஒரு தாளில் உங்கள் பென்சில் கோடுகள் இருந்தன.

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் வைலே நகரில், மாலை நேர ஆங்கில வகுப்பு. உயர்தர ஆங்கிலம் பாஸ் பண்ணாமல் பொறியியல் படிக்க விடமாட்டார்கள் என்பதால் நாங்கள் நாலு தமிழ்ப் பெடியள் கடைசி வரிசையில் இருந்தோம். ஒருவருக்கும் விசா முடிவு வரவில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தீர்கள்: நான் டென்மார்க்குக்கு வந்த கதை.

இதே கேள்வியைத்தான் போலீசிலும் கேட்டு எழுதியிருந்தார்கள். நீங்கள் தேவைக்கு மேலே அன்பாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு, மற்ற வாத்திமார் சிவப்பு மையால் திருத்த, நீங்கள் மட்டும் பென்சிலால் எழுதினீர்கள்.

"பென்சில் எண்டா பிறகு அழிக்கலாம் எல்லே, மச்சான்," என்றான் என் அறையிலிருந்த யோகன். "உவ ஆருக்கோ வேலை செய்யிறா."

ஆகவே எங்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் சொல்லித்தந்து, போலீசில் நாங்கள் ஒப்புவித்த கதையையே எழுதினோம். யோகன் எழுத, மற்ற மூன்று பேரும் பார்த்து எழுதினோம். நம்பும்படி இருக்கட்டும் என்று ஏஜென்சிக்காரன் கதைக்குள் விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு சுவீடன் கன்னியாஸ்திரியை ஏற்றிவிட்டிருந்தான். நாலு கட்டுரையிலும் அந்த அம்மா செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த கிழமை வகுப்பு முடிய எங்களை மறித்து வைத்தீர்கள். பார்த்து எழுதினால் சோதனைக்கு விடுவதில்லை என்பது பள்ளிக்கூட விதி. நாலு தாளையும் மேசையில் பரப்பி, ஒரு கன்னியாஸ்திரி எப்படி நாலு பேருக்கும் பக்கத்தில் இருந்தார் என்று கேட்டீர்கள். நான்தான், இந்தத் தாள்கள் எங்கே போகும் என்று உங்களைத் திருப்பிக் கேட்டேன்.

நீங்கள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு அழிறப்பரை எடுத்து ஒவ்வொரு தாளிலும் எதையோ தேய்த்தீர்கள். தாள்களை எங்கள் கையிலேயே தந்தீர்கள்.

"வந்த கதை வேண்டாம். இன்று காலை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்."

நான் யோகனின் குறட்டையைப் பற்றி எழுதினேன். கடைசிச் சோதனையில் நாலு பேரும் பாஸ்.

ஆனால் எதை அழித்தீர்கள்? பிரதி எடுத்துப் போலீசுக்குக் கொடுத்திருப்பீர்கள் என்றே நினைத்தேன். விசா வரும்வரை தபால்காரரைக் கண்டாலே மனதுக்குள் உங்களைத் திட்டினேன். வந்த பிறகும் நன்றி சொல்லவில்லை. தெருவில் கண்டால் மற்றப் பக்கம் கடந்து போனேன். பேப்பரில் உங்கள் மரண அறிவித்தலைப் பார்த்தும் செத்தவீட்டுக்கு வரவில்லை.

இன்று தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அழித்த இடத்தில் பென்சில் அமிழ்ந்த தடம். உங்களுக்கு நீங்களே டேனிஷில் எழுதிக்கொண்டது: 'பள்ளி அலுவலகத்துக்குக் காட்டாதே. பயந்திருக்கிறார்கள்.'

வெட்கமாக இருக்கிறது, டீச்சர். யோகனுக்குத் தொலைபேசி எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அவ எங்களுக்குத்தான் வேலை செய்திருக்கிறா," என்றான்.

மற்றக் கடதாசி எல்லாவற்றையும் கிழித்து முடித்துவிட்டேன். இது சேர்ட் பையில் முழுதாக இருக்கிறது.