கை வழுக்கிய அடி

ஜூலை 9, 2025

பிடிக்கலை, அதான். பாட்டு எப்படி இருக்கு என்று பார்க்கிறவனெல்லாம் கேட்டால் வேறென்ன சொல்ல? நேற்று எங்கள் 'கரடு' பேண்டின் முதல் சிங்கிள் 'மலை பஸ்' யூடியூபில் வந்துவிட்டது. ராக் பாட்டுதான், பேண்டை நடத்துகிற செல்வின் அதற்கு மேல் ஜாஸைப் பூசியிருக்கிறான். போர்ச்சுகல்காரி ஒருத்தி சாக்ஸபோன். யான் என்று ஒரு செக் நாட்டுக்காரன் டிரம்ஸ்.

பேண்டில் டிரம்ஸ் நான். நான்தானே? இந்தப் பாட்டுக்காகத்தான் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டேன். போடியில் செல்வின் அப்பாவுடைய ஏலக்காய் குடோனில் மே மாதம் முழுப் பாட்டுக்கும் அடித்தேன். அதைக் கேட்டு வாசிக்கச் சொல்லி வெளிநாட்டு ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறான். திரும்பி வந்ததும் என் அடியைத் தூக்கி வீசிவிட்டு யானுடையதை வைத்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் ஓடும் நன்றி வரிசையில் இருக்கிறேன் — குடோன் வாட்ச்மேனுக்கு அடுத்து.

போனில் கேட்டேன். "ஜாஸுக்கு ஒரு ஃபீல் வேணும்ல ஒச்சு. மேடையில நீதான்டா" என்றான். தூ.

ஜூலை 10

அம்மா அதை ரிங்டோனாக வைத்திருக்கிறாள். "எம் மகன் அடிச்சது" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அவள் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் கட் பண்ணுகிறேன்.

ஜூலை 13

எங்கள் சுருளிப்பட்டித் தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடித்து முடித்து, பந்தலுக்கடியில் உட்கார்ந்து வயிற்றெரிச்சலோடு பாட்டைக் கேட்டேன். நல்லாத்தான் அடிக்கிறான், நாசமாப் போக. ஆனால் பல்லவி முடிகிற இடத்தில் ஒரு அடி லேட்டாக விழுகிறது.

அந்த அடி எனக்குத் தெரியும். ரெக்கார்டிங் அன்றைக்கும் இப்படித்தான் மருந்தடித்துவிட்டு நேரே போடிக்குப் போயிருந்தேன். இலையில் ஒட்டுவதற்காக மருந்தில் கலக்கிற பசை கையில் இருந்தது, வேர்த்ததும் வழவழத்தது. குச்சி வழுக்கி, அடி லேட்டாக விழுந்தது. திரும்ப அடிக்கிறேன் என்றேன், கரண்ட் போய்விட்டது. யான் அந்தத் தப்பைத்தான் பல்லவிக்குப் பல்லவி வைத்திருக்கிறான். அதைச் சுற்றித்தான் சாக்ஸபோனே வளைகிறது.

சாயங்காலம் லோக்கல் சேனலில் செல்வின் பேட்டி: "அந்த லேட் அடி இருக்கு பாருங்க, அது ஐரோப்பா மூளை. நம்ம பயலுகளுக்கு வராது."

நம்ம பயலுக. டிவியை அணைத்துவிட்டேன்.

ஜூலை 17

போடிக்குப் போனேன். கீபோர்டு வாசிக்கிற ஷீபாவும் இருந்தாள்.

"அது என் கை வழுக்குன அடிடா."

செல்வின் சிரித்தான். "ஏலே, வழுக்குனதுக்கெல்லாம் பேரு போட்டா பாத்ரூம்ல விழுந்தவனுக்கும் போடணும்."

"யானுகிட்டயே கேளு."

"அவரு எம்புட்டுப் பெரிய ஆளு. ஒன்னையப் பாத்தா அடிப்பாரு?"

ஷீபா கீபோர்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது மட்டும் வண்டி வரை வந்தாள்.

"யான் கேட்டான்டா, வீடியோ கால்ல. 'இந்த லேட் அடி யாரு அடிச்சது, நல்லாருக்கு, நானும் அப்படியே அடிச்சுக்கவா'ன்னான். கம்ப்யூட்டர்ல போட்டது, ஆளெல்லாம் இல்லன்னுட்டான் செல்வின்."

"நீ எங்கன இருந்த?"

"பக்கத்துலதான்."

"வாயில என்ன வச்சிருந்த?"

"பாட்டு வெளிய வந்தாப் போதும்னு இருந்துச்சு."

ஆளெல்லாம் இல்லையாம். அவன் சொன்னதுகூடப் பரவால்ல. இவ கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்திருக்கா. ரெண்டு பேரு மூஞ்சியும் பாக்கப் பிடிக்கல.

ஜூலை 19

பாட்டுக்கு நாளை தேனியில் ஒரு மண்டபத்தில் விழா. வெளிநாட்டு ஆட்கள் வரவில்லை. செல்வின் போன் செய்தான். யானுடைய அடி ஸ்பீக்கரில் ஓடுமாம். நான் டிரம்ஸில் உட்கார்ந்து அடிக்கிற மாதிரி கையை ஆட்டணுமாம். "கையக் கழுவிட்டு வா, வழுக்கிறப் போகுது" என்று சிரிப்பு வேறு.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா கேட்டுவிட்டார். காலேஜை விட்டதிலிருந்து என்னோடு பேசாத மனுசன்.

"அந்த டிரம்மு யாருது?"

"என்னுது."

"அப்ப ஏன் அவன் குடோன்ல கெடக்கு?"

ஜூலை 20

குடோன் வாசலில் நின்று எழுதுகிறேன். டிரம்ஸ் எல்லாம் அப்பாவின் திராட்சை வேனில் ஏறிவிட்டது. செல்வின் கெஞ்சினான்.

"இன்னைக்கு ஒருநா மட்டும்டா. மேடையில டிரம்மு இல்லாட்டி ஆளுக என்ன கேப்பாக?"

"ஆளெல்லாம் இல்லன்னு சொல்லு."

அப்பா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஷீபா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "யானுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒன் பேரையும்." நான் வேன் பக்கம் திரும்பினேன்.

"வண்டியில எடம் இருக்கா?"

"எதுக்கு?"

"கீபோர்டுக்கு."

வெறுப்பு போயிருச்சா? இல்லை. அவளைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனா எடம் இருக்குன்னு சொல்லிட்டேன். அப்பா கூடைகளை ஒதுக்கிவைக்கிறார். மாடிப்படியில் கீபோர்டைத் தனியாகத் தூக்க முடியாமல் அவள் கத்துகிறாள், ஒரு பக்கம் பிடிக்கணும், போறேன்.