மறுபடி எழுதாதே என்றவள்

ஜூன் 9, திங்கள்

பயிற்சி மையத்து மேனேஜர் இன்று மூன்றாவது முறையாகப் போன் செய்தார். "பதினாலே மார்க்லதாம்மா சீட் போச்சு. ஊருக்கு வெளியே நம்ம தங்கிப் படிக்கிற வகுப்புல சேந்துடு. அடுத்த தடவை நீ டாக்டர்தான்." போன வருஷம் முழுக்க "ஏய், ஜன்னலோரம்" என்று கூப்பிட்டவர். இப்போது பேச்சுக்கு ஒரு அம்மா. தேன் எதற்காக ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியாதா?

அப்பா மீட்டர் ரீடிங் எடுத்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நுழைவுத் தேர்வை மறுபடி எழுதட்டுமா என்று கேட்டேன். "உன் இஷ்டம்மா" என்றார். எனக்குச் செருப்பு வாங்கினால்கூடக் குதிகாலை அமுக்கிப் பார்ப்பவர். திடீரென்று ஏன் என் இஷ்டம்? எழுதினாலும் தேறமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாரா?

ஆப்டோமெட்ரியில், அதாவது கண் பரிசோதிக்கிற படிப்பில், இடம் கிடைத்திருக்கிறது. இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

ஜூன் 10, செவ்வாய்

கொக்கு வந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் கூடப் படித்தவள். உயரத்துக்கு வைத்த பெயர். என்னைவிட முப்பத்தொரு மார்க் அதிகம் வாங்கி, வெளியூர் மருத்துவக் கல்லூரியில் இடமும் வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் கிளம்புகிறாள்.

"நீ மறுபடி எழுதாதே. ஒரு வருஷம் போச்சுன்னா போச்சுதான். பேசாம கண்ணு படிப்புல சேரு."

இதையே நாலாவது தடவையாகச் சொல்கிறாள். வாசலில் நின்றபடியே சொன்னாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நல்லது நினைப்பவள் உட்கார்ந்து பேசமாட்டாளா? இந்தத் தெருவுக்கு ஒரு டாக்டர் போதும் என்று நினைக்கிறாளோ?

ஜூன் 11, புதன்

அம்மாவும் அப்பாவும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

"என்னைப் பத்தி என்ன பேச்சு?"

"நீ டீ குடிச்சியான்னு."

அதற்குக் கதவைச் சாத்துவார்களா? விடாமல் கேட்டேன். அம்மா காலையிலிருந்து ஃபேக்டரியில் காலர் தைத்துவிட்டு வந்த களைப்பில் இருந்தாள். "சந்தேகப்படறதுக்குன்னு ஒரு பரீட்சை வெச்சா முதல் மார்க் உனக்குத்தான், போ" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

கொக்கு தன் மார்க் பட்டியலை இதுவரை என் கண்ணில் காட்டவே இல்லை. இப்போதுதான் உறைக்கிறது.

ஜூன் 14, சனி

செய்திருக்கக் கூடாது. செய்துவிட்டேன்.

இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கம்ப்யூட்டர் கடையில்தான் தேர்வுக்குப் பதிந்தோம். என் எண்ணுக்கு அடுத்த எண் அவளுடையது. பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். மத்தியானம் அம்மா வேலைக்குப் போயிருந்தபோது தேர்வு முடிவுப் பக்கத்தில் இரண்டையும் தட்டினேன்.

என்னைவிட ஐம்பத்திரண்டு மார்க் குறைவு.

அவள் படம்தான், அவள் பெயர்தான். மூன்று தடவை பார்த்தேன். இந்த மார்க்குக்கு எந்தக் கல்லூரியிலும் இடம் கிடையாது.

முதலில் எனக்கு என்ன வந்தது? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன் — சிரிப்பு வந்தது. அதற்கப்புறம்தான் யோசித்தேன். அப்படியானால் அடுத்த மாதம் இவள் எங்கே போகப்போகிறாள்?

ஜூன் 15, ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா ஆம்புலன்ஸ் டிரைவர். "வா வா, நீயும் சீக்கிரம் டாக்டராயிடு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையில ஊசி போடுங்க" என்று சிரித்தார். கட்டிலில் புதுப் பெட்டி. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை மாடிக்குப் போனதும் சொல்லிவிட்டேன். "உன் நம்பரைப் போட்டுப் பாத்துட்டேன்டி."

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

"ரிசல்ட் அன்னிக்கு அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணாரு. சுத்தி நர்ஸுங்க பேசற சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க, சொல்லும்மான்னாரு. சீட் கிடைச்சிடுச்சுன்னு வாயில வந்துடுச்சு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள ஆஸ்பத்திரி பூரா சொல்லிட்டாரு."

காலேஜுக்குப் போகிறேன் என்று கிளம்பி, ஊருக்கு வெளியே அந்தத் தங்கிப் படிக்கிற வகுப்புக்குப் போவதாகத் திட்டம். மேனேஜர் அவள் பெயரைப் பதிந்துகொண்டாராம்.

"நானும் அங்க வந்தா மாட்டிக்குவே. அதான் எழுதாதேன்னே."

"ஆமா. ஆனா கண்ணு படிப்பு உனக்கு நல்லா வரும்னு சொன்னது நெஜம்டி. ஒரு பொய் சொன்னா எல்லாமே பொய்யா?" என்றாள்.

என் சந்தேகம் சரிதான். சரியாக இருந்து என்ன சுகம்? அப்பாவிடம் சொல்லிவிடு என்றேன். "நீ கூட இருப்பியா?" என்று கேட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிவிட்டாள். அடித்துவிடுவாரோ என்று இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "சரியா சாப்பிடாம கிடந்தியே, அது இதுக்குத்தானா?"

அவள் அப்போதுதான் அழுதாள்.

"டூட்டியில கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

ஜூன் 18, புதன்

சனிக்கிழமையிலிருந்து நான் வேதியியல் புத்தகத்தைத் தொடவே இல்லை. அவளுக்கும் இடம் இல்லை என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து மறுபடி எழுதும் வெறி போய்விட்டது. அப்படியானால் நான் எதற்காக எழுத இருந்தேன்? டாக்டராக வேண்டும் என்றா, அவளுக்குக் கீழே இருக்கக் கூடாது என்றா? இல்லை, இதுவும் சோம்பேறித்தனத்துக்கு நான் கட்டுகிற கதையா? என்னையே நம்ப முடியவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "நான் தேறமாட்டேன்னுதானே உன் இஷ்டம்னீங்க?"

அவர் அசந்துபோனார். "போன தடவை எழுதுன்னு தொந்தரவு பண்ணது நான்தானே. எழுதிட்டு வந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதியே. எனக்குக் கேக்கலைன்னு நெனச்சியா? நான் இனிமே வாயைத் திறக்கறதா இல்ல."

அந்தச் சமையலறைப் பேச்சும் அதுதானாம். என்னிடம் எதுவும் கேட்காதே என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஜூன் 20, வெள்ளி

ஆப்டோமெட்ரியில் சேர்ந்துவிட்டேன். கையெழுத்துப் போடுமுன் படிவத்தில் துறையின் பெயரை மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மே 3, ஞாயிறு

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து இந்த நோட்டைத் திறக்கிறேன். மறுபடி எழுதுகிற கொக்கைக் காலையில் தேர்வு மையத்துக்குக் கூட்டிப் போனேன். அவள் அப்பாவுக்கு டூட்டி. மூன்று தடவை போன் செய்துவிட்டார், மார்க் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெயிலில் நிற்காதீர்கள் என்பதோடு சரி.

"நீ உள்ளே போகலையாம்மா? கேட்டை மூடிடுவாங்க" என்றார் வாட்ச்மேன்.

"நான் எழுதலைண்ணே. அவளுக்குத் துணைக்கு வந்தேன்."

அறை எண் ஒட்டிய பலகையின் முன்னால் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "அது எட்டாடி, மூணா?"

"மூணு."

எனக்கு அங்கிருந்தே பளிச்சென்று தெரிந்தது. கிட்டப்பார்வையாக இருக்கும் என்று சந்தேகம். போன வருஷம் வகுப்பில் போர்டில் எழுதியதை எல்லாம் என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினாள். காப்பி அடிக்கிறாள் என்று அப்போது நினைத்தேன்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு எங்கள் துறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.