எண்ணெயின் வரலாறு

மார்ச் 4

என் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயம் நகர மாட்டேன் என்கிறது. குருமடத்தில், பாதிரியாராகப் படிக்கிறவர்களுக்கு இருபத்திரண்டு வருடமாக நடத்தும் பாடம்தான், எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆதித் திருச்சபையில் ஆயர் ஆசீர்வதித்த எண்ணெயைச் சனங்களே வீட்டுக்கு எடுத்துப்போய்க் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் தடவிக்கொண்டார்கள். பிறகு அது குருக்களின் கைக்கு மட்டும் என்றானது. பாவமன்னிப்போடு ஒட்டிக்கொண்டது. பாவமன்னிப்பையோ ஆட்கள் சாகும்வரை தள்ளிப்போட்டார்கள், எண்ணெயும் கூடவே சாவுப் படுக்கைக்குப் போய்விட்டது. திருச்சபையின் பொதுச்சங்கம் கூடி ‘நோயில் பூசுதல்’ என்று திருத்தி ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. சனங்கள் இன்னும் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்றுதான் சொல்கிறார்கள். யாரைத் திருத்துவது?

அக்காவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டுமாம். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர்.

மார்ச் 9

ஆபரேஷனுக்கு முன் அக்காவுக்கு நானே பூசப்போகிறேன். போனில் சொன்னேன்.

“இப்ப எதுக்குடா தம்பி? அப்பாவுக்குப் பூசின அன்னிக்குச் சாயங்காலமே போயிட்டாரு.”

அரைமணி நேரம் வரலாறு சொன்னேன். கடைசியில், “உனக்கு வேணும்னா செய்” என்றாள். அவளுக்கே புரியவைத்துவிட்டேன், அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது.

மார்ச் 12

பத்து மாணவர்களைக் கூட்டிப்போனேன். தனியாக ஒரு குருவும் நோயாளியும் என்றில்லாமல், ஒரு சபையே சுற்றி நின்று செபிப்பதுதான் சரியான முறை. பத்து வெள்ளை அங்கிகளைப் பார்த்ததும் பக்கத்துப் படுக்கைக்காரி திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாட்டு நன்றாக இருந்தது. நெற்றியிலும் கைகளிலும் பூசினேன். அக்காவின் கை சில்லென்றிருந்தது, ஏ.சி. அதிகம்போல. வராந்தாவில் நின்று மாணவர்களுக்கு விளக்கினேன், இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள்.

வந்ததும் மூன்று பக்கம் எழுதினேன். மளமளவென்று வந்தது.

மார்ச் 13

வால்வு மாற்றியாகிவிட்டது. எல்லாம் நலம்.

ஏப்ரல் 20

அக்கா வீட்டுக்குப் போனேன். சாவிக்கொத்து மருமகள் இடுப்பில். நல்ல புடவைகளையெல்லாம் அக்கா பங்குபோட்டுக் கொடுத்துவிட்டாள். சமையலறைப் பக்கமே போவதில்லையாம். மேசையில் மாத்திரை டப்பா, திறக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்கச் சாப்பிடவேண்டிய மாத்திரை.

“போற உசுருக்கு எதுக்கு மாத்திரை? டாக்டர் உன்கிட்டத் தனியா என்னமோ சொல்லியிருக்காரு. இல்லன்னா அத்தனை பேரைக் கூட்டிட்டு நீ ஏன் வரணும்?”

“சத்தியமா ஒண்ணும் சொல்லலக்கா.”

“பரவால்லடா. எனக்காகத்தான பொய் சொல்ற.” என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

பல நூற்றாண்டுகளுக்கு முன், நடுக்காலத்தில், பூசப்பட்டுப் பிழைத்து எழுந்தவனை ஊர் செத்தவனாகவே வைத்திருந்தது. கறி தின்னக்கூடாது, வெறுங்காலோடு நடக்கக்கூடாது, மனைவியோடு படுக்கக்கூடாது. வருடாவருடம் வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பேன். இப்போது அந்த நடுக்காலம் என் அக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 23

டாக்டரையே பேசச்சொன்னேன். அவர் போனதும், “அவரையும் சொல்லிவெச்சிட்டியா?” என்கிறாள்.

மே 30

அத்தான் இதுவரை என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். குருப்பட்டம் வாங்கிய அன்றுகூட “மாப்ள, ஆசீர்வாதம் குடு” என்றவர். இன்று வாசலிலேயே மறித்தார்.

“உங்க புஸ்தகத்துக்கு என் பொண்டாட்டிதான் கெடச்சாளா, சாமி?”

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் ஒருத்தனாகச் செய்திருக்கிறேன். அவளுக்காகப் பூசினேனா, அத்தியாயத்துக்காகவா? வேண்டாம் வேண்டாம்னு அவ குரலே சொல்லுச்சே, எனக்குக் காது எங்கே போச்சு?

அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். கிழித்து யாருக்கு என்ன லாபம்.

ஜூன் 17

மறுபடி ஆஸ்பத்திரி. மாத்திரை இல்லாததால் வால்வில் ரத்தம் உறைந்துவிட்டதாம். இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். இந்த முறை உண்மையாகவே என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

ஜூன் 19

காலையில் அக்காவே கேட்டாள், பூசவேண்டும் என்று. பையிலிருந்து எண்ணெய்ச் சிமிழை எடுத்தேன்.

“நீ வேண்டாம் தம்பி. பங்குச்சாமியாரக் கூப்பிடு.”

“ஏன்க்கா?”

“நீ மறுபடியும் பொழச்சுக்குவேன்னு சொல்லுவ. போறப்பவாவது நெசம் பேசறவர் வரட்டும்.”

பங்குச்சாமியாருக்கு நாங்கள் குருமடத்தில் வைத்திருக்கும் பெயர் ‘அவசரம்’. இருபது நிமிடத்தில் பூசையை முடித்துவிடுவார். குடையோடு வந்தார், அவசரமே இல்லாமல் படுக்கையருகே உட்கார்ந்தார்.

“நான் போகப்போறேனா சாமி?”

“ஆமாம்மா.”

“சரி சாமி.” மார்ச்சுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்து இன்றுதான் பார்த்தேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பூசினார். வழக்கத்திலிருந்து எப்போதோ எடுத்துவிட்ட பழைய முறை. பரீட்சையில் எவனாவது இப்படி எழுதினால் முட்டைதான் போடுவேன்.

ஒவ்வொன்றுக்கும் அக்கா ஆமென் சொன்னது கேட்டது. பூசி முடிந்து அந்தக் குரல் நின்றபிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்ச்சில் நான் பூசியபோது அவள் ஆமென் சொல்லவே இல்லை. மாணவர்கள்தான் சொன்னார்கள்.