மூன்று நூல்களில் இல்லாத வரி

மசிலியாவில் வாழும் அவிலியா அவர்களுக்கு, கப்புவா நகரின் வாசனைக்காரர் தெருவிலிருந்து நுமீசியா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

என் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் லூசியஸ் கலாவியஸின் மனைவி. திருமணமாகி முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. உங்களை நான் பார்த்ததே இல்லை. ஆனால் கோபம் வந்தால் உங்களுக்கு எந்தப் புருவம் முதலில் ஏறும் என்று எனக்குத் தெரியும். இத்தாலியில் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அவருடைய மூன்று நூல்களிலும் வரும் பெலாகியா நீங்கள்தான் என்பதை அவர் என்னிடம் மறைத்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார். என் அப்பாதான், “கவிதைக் கடைய ரோமிலயே பூட்டிட்டு வந்தாச்சில்ல மாப்பிள்ளை?” என்று கேட்டார். “பூட்டியாச்சு மாமா, சாவியயும் தொலைச்சாச்சு” என்றார் இவர்.

அப்படியேதான் நடந்தது. பத்தொன்பது வயதில் ரோமுக்குப் போன வெண்கலக் கொல்லர் மகன், முப்பத்தோரு வயதுக்குள் மூன்று நூல் எழுதிப் பெரிய வீட்டு விருந்துகளில் எல்லாம் பாடிவிட்டு ஊர் திரும்பினார். அதன்பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. என்னோடு கடையில் நின்று ரோஜா இதழை எண்ணெயில் ஊறவைத்தார், பிழிந்தார், வடிகட்டினார். “ஏன் எழுதறதில்ல?” என்று ஒரே ஒருமுறை கேட்டேன். “சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். ஊரார் வேறு மாதிரி சொன்னார்கள். பெலாகியா கவிஞனைப் பெற்றாள், நுமீசியா கொன்றாள் என்று. எனக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் சொல்வார்கள். எண்ணெய்க் கடையில் எல்லாம் கேட்கும்.

உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ரோமிலிருந்து அவரைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். என் முகத்துக்கு நேராகவே, “பெலாகியா இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்பார்கள். மூன்று முறை, “செத்துப் போயிட்டா” என்று சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். நீங்கள் உயிரோடு இருப்பது எனக்கு அப்போதே தெரியும். எங்கள் எண்ணெயை மசிலியாவுக்குக் கொண்டுபோகும் கப்பல் தலைவர்தான் சொன்னார், புத்தியோலித் துறைமுகத்துக் கயிற்றுக்காரர் மகள் அங்கே மது வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், வாசனை எண்ணெய் மட்டும் வாங்கவே மாட்டாள் என்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் கடையில் ஜாடியைத் தூக்கும்போது அவர் அப்படியே சரிந்து விழுந்தார். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் வெறும் சத்தம்தான் வரும். பிறகு அவரே வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். எட்டு மாதம் இப்படிப் போனது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரும் நானும் சமையல்காரி தல்லூசாவும்தான்.

கோடைத் திருவிழாவுக்கு ரோமிலிருந்து ஒரு பாடகன் வந்தான். பெலாகியா பாட்டுகளை அரங்கில் பாடப்போகிறான் என்றார்கள். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் இவர் கண்ணாலேயே கெஞ்சினார். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பாடகன் நல்ல குரல்காரன்தான். “மென்மைக் கயிற்றால் கட்டினாய் என் படகை” என்று அவன் உருகிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து ஒரு கர்ஜனை கேட்டது.

“தார்க் கயிற்றால்! தார்க் கயிற்றால் கட்டினாய் என் படகை, கையில் கத்தி இருந்தும் நான் அறுக்கவில்லை!”

என் வீட்டுக்காரர்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு, ஒரு எழுத்துக்கூடக் குழறாமல். பின்வரிசையில் ஒருவன், “யாருய்யா அந்தக் கெழவன், வாய மூடச் சொல்லு” என்று கத்தினான். இன்னொருவன், “யோவ், எழுதினதே அவருதான்யா!” என்றான். அரங்கமே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். பேச்சு திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

பேச்சு திரும்பவில்லை, அவிலியா. பாட்டுதான் திரும்பியது. சொந்தமாக ‘தண்ணீர்’ என்று சொல்ல வராது. ஆனால் “என் தாகம் அறியாத கடலே” என்ற வரி முழுதாக வரும். நாங்கள் தண்ணீர் கொடுக்க வேண்டும். “கதவைத் திற பெலாகியா, மழை என் பெயரை அழிக்கிறது” என்றால் கழிப்பறைக்குப் போக வேண்டும். “உன் முத்தத்தில் கரிப்பது கடலா, கண்ணீரா” என்றால் பருப்புக் கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது. தல்லூசா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: “அம்மா, ஐயா மறுபடியும் முத்தத்துல கொறை சொல்றாரு!”

என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் தடுத்து வைத்திருந்த அந்த மூன்று நூல்களையும் நானே போய் வாங்கிவந்தேன். அறுபது வயதில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். என் கணவர் என்ன சொல்கிறார் என்று தெரிய எனக்கு வேறு வழி இல்லை. உங்களைப் பற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் இப்போது எனக்குத் தலைகீழாகத் தெரியும். படிக்கப் படிக்க முதலில் வயிறு எரிந்தது. பிறகு, நான் பார்க்காத அந்த இருபத்தைந்து வயதுக்காரனை எனக்கும் பிடித்துப்போனது.

ஒரு வரி மட்டும் அகப்படவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தினமும் சொல்கிறார்: “பூ உதிர்ந்த பின்னும் கையில் இருப்பது எது” என்று. அதோடு நின்றுவிடுகிறார். அடுத்தது வராமல் மெத்தையில் குத்துகிறார், கண் கலங்குகிறது. தண்ணீர் கொடுத்தோம், ஜன்னலைத் திறந்தோம், போர்த்தினோம். எதுவும் இல்லை என்று தலையாட்டுகிறார். மூன்று நூல்களையும் நாலு தடவை தேடிவிட்டேன். அந்த வரி எங்கும் இல்லை. உங்களிடம் மட்டும் கொடுத்த பாட்டாக இருக்க வேண்டும். உங்களிடம் இருந்தால் மிச்சத்தை எழுதி அனுப்புங்கள். அதில் என்ன இருந்தாலும் பரவாயில்லை. அவர் கேட்பதை என்னால் கொடுக்க முடியாமல் போகக் கூடாது. குளிருக்குக் கப்பல்கள் நின்று கடல் மூடுவதற்குள் பதில் வரவேண்டும் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நலமாக இருங்கள்.

நுமீசியா

*

கப்புவாவில் இருக்கும் நுமீசியாவுக்கு, அவிலியா சொல்லச் சொல்ல அவள் மருமகள் எழுதியது. உன் வீட்டில் எல்லோரையும் தெய்வங்கள் காக்கட்டும்.

என்னைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாய் என்று ‘நீ’ போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை மருமகள்தான் வாசித்தாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது தங்கச்சி. அந்த மூன்று நூலையும் நான் கண்ணால் பார்த்தது கிடையாது. எல்லாம் காதால் கேட்டதுதான். ரோமிலிருந்து புத்தியோலிக்கு வந்து மாதக்கணக்கில் தங்குவார். நான் சணல் முறுக்கிக்கொண்டிருப்பேன், அவர் எதிரில் உட்கார்ந்து பாடுவார். “பாடினது போதும், அந்த நுனியக் கொஞ்சம் பிடி” என்பேன். பிடிப்பார். பிடித்துக்கொண்டே பாடுவார். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அந்தத் தார் வாசனையும், காலையில் மீன் படகு வந்து இறங்கும் சத்தமும், அவர் குரலும் எனக்கு இன்னும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகின்றன. அவர் பாடினதில் நான் எதையும் மறக்கவில்லை.

அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். நீ எழுதின அந்த வரி என்னுடையது இல்லை. அதை அவர் என்னிடம் சொன்னதே கிடையாது.

நீயே யோசித்துப் பார். மூன்று நூலும் உனக்கு மனப்பாடம் என்கிறாய். அதில் எங்கேயாவது ஒரு பூ இருக்கிறதா? கடல், உப்பு, படகு, காற்று, கயிறு, இவ்வளவுதான். புத்தியோலித் துறையில் பூவுக்கு எங்கே போவது? எனக்கு அவர் ஒரு பூ வாங்கித் தந்ததில்லை. என் கையில் எப்போதும் தார்தான் இருந்தது. கதவைத் திற என்று மழையில் நின்று அழுததாக ஊரெல்லாம் பாடுகிறார்களே, எங்கள் கயிற்றுக் கொட்டகைக்குக் கதவே கிடையாது. அவர் பாட்டுக்கு உள்ளே வந்து என் அப்பாவோடு கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிவிடுவார்.

நான் மசிலியாவுக்குக் கப்பல் ஏறின அன்று அவரும் துறைக்கு வந்தார். கல்யாணம் பேசியாகிவிட்டது, ஆனாலும் கடைசி நிமிஷத்தில், “வர்றியா?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? இடுப்பில் மெழுகுப் பலகையைத் தேடினார், எழுதிக்கொள்ள. அதற்குள் கப்பலின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அந்த நாளைப் பற்றின பாட்டைக் கேட்டுத்தான் எல்லோரும் அழுகிறார்களாம். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் பாட்டுக்காக இல்லை.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முப்பத்திரண்டு வருடம் உன் வீட்டுக்காரர் எழுதவில்லை என்று நீ வருத்தப்பட்டிருக்கிறாய் பார், அந்த இடத்தை மட்டும் மருமகளை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னேன். பலகையைத் தேடாமல் ஒருத்தி பக்கத்தில் இருந்திருக்கிறார். எனக்கு அது கிடைக்கவில்லை.

உன் தெருவில் என்ன விற்கிறீர்கள், உன் கையில் என்ன வாசனை வரும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார். நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

கப்பல் தலைவர் அவசரப்படுத்துகிறார். நல்லபடியாக இரு.

அவிலியா

*

அவிலியா அக்காவுக்கு, நுமீசியா எழுதுவது. குளிர்காலம் உங்களை வருத்தாமல் போயிருக்கும் என்று நம்புகிறேன். கடல் திறந்ததும் புறப்படும் முதல் கப்பலில் இதை அனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் இலையுதிர்காலத்தில் இரண்டாவது முறை பூக்கும் ரோஜாவின் எண்ணெயை வடிகட்டிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் படித்தேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். தல்லூசா வந்து, “அம்மா, எண்ணெய் வழியுது பாருங்க” என்று உலுக்கினாள்.

உள்ளே போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, “பூ உதிர்ந்த பின்னும் கையில் இருப்பது எது” என்றார். நான் கையை நீட்டினேன். இடது கையால் அதைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனார். மூச்சை இழுத்தார். பிறகு சிரித்தார் அக்கா. விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “இவ்வளவு நாளா இதையா கேட்டீங்க? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?” என்று திட்டினேன். அதற்கும் சிரித்தார்.

அடுத்த வரி வரவே இல்லை. வரவில்லையே என்று அதற்குப் பிறகு அவர் மெத்தையில் குத்தவும் இல்லை. தினமும் அந்த வரியைச் சொல்வார். நான் கையைக் கொடுப்பேன். விழுந்து கிடந்த அந்த மாதங்களில்தான் அவர் அதைக் கட்டியிருக்க வேண்டும். இல்லை, என்றோ கட்டி மனதிலேயே வைத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

ஜனவரியில் போய்விட்டார். நடுப்பகல், வெயில் நன்றாக இருந்தது. “என் தாகம் அறியாத கடலே” என்றார். தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. முகத்தில் வலி இல்லை. வெண்கலக் கொல்லர்கள் எல்லோரும் வந்து தூக்கினார்கள். ஊர் முழுக்க வந்தது. என்னைப் பற்றி என்னவெல்லாமோ சொன்னவர்களும் வந்து அழுதார்கள்.

பத்து நாள் கழித்து ரோமிலிருந்து புத்தகக்காரர் வந்தார். நாலாவது நூல் போடவேண்டுமாம். “கடைசியா ஏதாவது சொன்னாருங்களாம்மா? ஒரு வரின்னாலும் போதும்” என்று மன்றாடினார். “தண்ணி கேட்டாரு” என்றேன். பொய் சொல்லவில்லை.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது அக்கா. ஒருவருடைய பேச்சைப் புரிந்துகொள்வதற்காக ஒரு மொழியையே கற்றேன். பேசுகிறவர் போய்விட்டார். கஞ்சியில் உப்புக் கூடினால் தல்லூசாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். அந்த வரிகளை உரக்கச் சொன்னால் புரிந்துகொள்ள இந்தத் தெருவில் ஆள் இல்லை. புத்தகத்தில் படித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தல்லூசாவை விட்டால், அவர் வாயால் தினம் தினம் கேட்டவர்கள் இனி நீங்களும் நானும்தான்.

இந்தக் கப்பல் மசிலியாவில் ஆறு நாள் நிற்கும். அதிலேயே புறப்பட்டு வாருங்கள். கடல் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மே மாதம் வரை இருந்துவிட்டுப் போகலாம். பிடித்தால் அதற்கு மேலும் இருக்கலாம். மூன்றாம் நூலில் எனக்குப் புரியாத இடம் பதினேழு இருக்கிறது. உண்மையில் என்ன நடந்தது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். பதிலுக்கு, அவர் என் பக்கத்தில் எப்படியெல்லாம் சும்மா இருந்தார் என்று நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் தங்கை,
நுமீசியா