மூன்று இருபதுக்குக் காலியாகும் மைதானம்

அனுப்புநர்
உ. இஃபத் (வயது 18), த/பெ. உஸ்மான் கனி,
பி.காம். முதலாமாண்டு, ‘ஆ’ பிரிவு,
பூந்தமல்லி.

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
வெண்பொழில் கலை அறிவியல் கல்லூரி,
பூந்தமல்லி – பட்டாபிராம் சாலை.

பொருள்: மாணவியர் ஓடி விளையாட வாரத்தில் ஒரு மாலை மைதானம் கேட்டல், அப்படியே கோலமாவு விவகாரத்தில் மன்னிப்பும் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: ஒழுங்குக் குழுவின் குறிப்பாணை, நாள் 14.02.2025.

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு,

பார்வையில் கண்ட குறிப்பாணை, ஒரு பக்கத்துக்கு மிகாமல் மன்னிப்புக் கடிதம் கேட்கிறது. மன்னிப்பு இரண்டு வரியில் முடிந்துவிடும். அதற்கான காரணம்தான் பக்கத்தைத் தாண்டுகிறது. பொறுத்தருள வேண்டும்.

1. நான் பள்ளியில் கோ-கோ ஆடியவள். சைக்கிளில் பள்ளிக்குப் போய், மாலை ஐந்தரை வரை ஓடி, அதே சைக்கிளில் வீடு திரும்புவேன். சென்ற ஜூலையில் நம் கல்லூரியில் சேர்ந்தபோது என் எடை 49 கிலோ. ஜனவரியில் இங்கு நடந்த ரத்ததான முகாமில் 58. அங்கிருந்த நர்ஸ் அக்கா மனமகிழ்ந்து, “சூப்பர் வெயிட்டும்மா, பெரிய பையே போடலாம்” என்றார். என் வாழ்நாளில் எடைக்காக நான் பெற்ற ஒரே பாராட்டு அது. வீட்டில் அம்மா கேட்டது வேறு: “நீ காலேஜுக்குப் போறியா, விருந்துக்குப் போறியா?”

2. விருந்தின் விவரம் பின்வருமாறு. மாணவியர் கல்லூரிப் பஸ்ஸில்தான் வர வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி எட்டு கிலோமீட்டர். ஆனால் எங்கள் பஸ் குமணன்சாவடி, ஆவடி, கோவில்பதாகை எல்லாம் சுற்றிவிட்டு வருவதால் ஒரு மணி இருபது நிமிடம் உட்கார்ந்து வருகிறேன். பிறகு ஆறு மணி நேரம் பெஞ்சில். பிறகு மறுபடியும் பஸ்ஸில். காலை ஆறு ஐம்பதுக்கு பஸ் பிடிக்கும்போது வீட்டில் குக்கர் விசில்கூட வந்திருக்காது. ஆகவே காலையும் மதியமும் கேன்டீன்தான். இடைவேளை பதினைந்து நிமிடம். வரிசையில் பத்து நிமிடம் போக, மீதி ஐந்தில் தின்று முடிக்கக்கூடியது முட்டை பஃப்ஸும் கூல்டிரிங்க்ஸும் மட்டுமே. கேன்டீன் சொர்ணம் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒரு வாரம் சுண்டல் அவித்து வைத்துப் பார்த்தார். “ஒக்காந்து துன்ன டைம் இருந்தாத்தானம்மா சுண்டலு? நீங்கதான் வாயில போட்டுகினு ஓடுறீங்களே” என்று நிறுத்திவிட்டார். நாங்கள் ஓடுவது அந்த ஒரு ஓட்டம்தான்.

3. எடை ஏறினால்தான் புகார் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. கோவில்பதாகையிலிருந்து வரும் மதிவதனி என் பக்கத்து சீட்டுக்காரி. இரண்டு வருடம் முன்பு மாவட்டப் போட்டியில் எதிரணியில் ஆடி, என் இடது தோளைத் தொட்டு என்னை அவுட் ஆக்கியவள். கேன்டீன் வரிசையில் நிற்கும்போது, அப்போது சற்றுப் பூசினாற்போல் இருந்த அவளைக் காட்டி யாரோ ஒருவன் “வழி உடுமா, லாரி வருது” என்று சிரித்ததிலிருந்து அவள் அந்த வரிசைக்கே வருவதில்லை. காலை ஒரு டீ. அதன்பின் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பாடு. ரத்ததான முகாமில் 41 கிலோ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே பஸ், ஒரே பெஞ்ச், ஒரே கேன்டீன்: நான் ஏறினேன், அவள் இறங்கினாள். இப்போது இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். நானும் மூச்சு வாங்கி நிற்பதால் அவளுக்கு அது அவமானமாகத் தெரிவதில்லை. அவள் என்னைத் துரத்த வேண்டும் அம்மா. மறுபடியும் ஒருமுறை துரத்தி, முடிந்தால் தொட வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

4. மைதானம் இருக்கிறதே என்று கேட்கலாம். பகல் முழுக்க அதில் இருபத்தேழு பஸ்கள் நிற்கின்றன. மைதானத்தில் ‘தானம்’ பஸ்களுக்குப் போய்விட்டது. மிஞ்சிய ‘மை’யில்தான் இம்மனுவை எழுதுகிறேன். மாலை மூன்று இருபதுக்கு மைதானம் காலியாகும். ஆனால் அதைக் காலி செய்யும் பஸ்களுக்குள்தான் நாங்கள் இருக்கிறோம். எங்கள் பஸ் கடைசியில் புறப்படும். கேட்டருகே திரும்பும்போது அரை நிமிடம் மொத்த மைதானமும் தெரியும். ஒரு வண்டி இல்லாமல், டயர் தடத்தில் புழுதி இன்னும் அடங்காமல், வெயில் சாய்ந்து கிடக்கும். அதற்காகவே தினமும் இடப்பக்க ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்கிறேன். டிரைவர் கோவிந்தன் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, “இன்னாம்மா, டெய்லி அங்க இன்னாத்த தொலைச்சே?” என்பார். பதில் சொல்ல வருவதற்குள் பஸ் ரோட்டுக்கு வந்துவிடும்.

5. இனி குற்றம். 12.02.2025 புதன்கிழமை, ஆண்டு விழா ஒத்திகைக்காக மாணவியர் ஐந்து மணி வரை இருக்கலாம் என்று தாங்கள் அனுமதித்தீர்கள். நானும் மதிவதனியும் ஒத்திகையில் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த நான்கு கிலோ கோலமாவால் காலி மைதானத்தில் கோ-கோ களம் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு கம்பத்துக்கும் இடம் குறித்து, நடுப்பாதை இழுத்து, எட்டுக் குறுக்குப் பாதைகளையும் போட்டு நிமிர்ந்தபோது பஸ் ஹாரன் அடித்துவிட்டது. ஒரு மணி நேரம் களம் போட்டோம். ஒரு நிமிடம் ஆடவில்லை. காலையில் இதைப் பார்க்கும் டிரைவர்கள் விளையாட்டுக்கான இடம் என்று விட்டுவைப்பார்கள், அடுத்த நாள் உடற்கல்வி இயக்குநர் குணசேகரன் சாரிடம் காட்டிக் கேட்கலாம் என்பது எங்கள் திட்டம்.

டிரைவர்களோ, நிர்வாகம் பார்க்கிங் கோடு போட்டிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். கோட்டுக்குக் கோடு பஸ்ஸை நுழைத்து, “இத்தினி வருசத்துல இப்பத்தான்பா நீட்டா போட்டுக்கீறாங்க” என்று கோவிந்தன் அண்ணனே பாராட்டினார். கோ-கோவில் குறுக்குப் பாதைகள் நெருக்கமாக இருக்கும் என்பது பஸ்களுக்குத் தெரியாதே! கதவு திறக்க இடமில்லாமல் நான்கு பஸ் மாணவர்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டதும், முதல் வகுப்பு இருபது நிமிடம் தாமதமானதும் உண்மை. வழக்கம்போல என் குறும்பு என்று தாங்கள் கருதியதில் தவறில்லை. என் முந்தைய சாதனைகள் அப்படி. ஆனால் இது குறும்பு இல்லை அம்மா. நான் செய்ததிலேயே இது ஒன்றுதான் விளையாட்டு.

6. தாமதத்துக்காக நான்கு பஸ் மாணவர்களிடமும், வண்டியைப் பின்னெடுக்கச் சிரமப்பட்ட அண்ணன்களிடமும், தங்களிடமும் மனமார மன்னிப்புக் கேட்கிறேன். மாவு நான் கொண்டுவந்தது, யோசனையும் என்னுடையது. மதிவதனி கயிறு மட்டும் பிடித்தாள். தண்டனை எதுவானாலும் அவளை விலக்க வேண்டுகிறேன்.

7. கோரிக்கை: புதன்கிழமைகளில் மட்டும் எங்கள் தடத்துக்கு நான்கு நாற்பதுக்கு ஒரு பஸ் விட ஆணையிட வேண்டும். கோவிந்தன் அண்ணன் ஓட்டச் சம்மதித்துவிட்டார். உடனிருந்து பார்த்துக்கொள்வதாகக் குணசேகரன் சாரும் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு மாணவியரின் கையெழுத்தும் பெற்றோர் ஒப்புதலும் இணைத்துள்ளேன். மண்டல மகளிர் போட்டிக்குப் பெயர் கொடுக்க இம்மாதம் 28 கடைசி நாள். இந்த நிலையில் நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்போம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தோற்கவாவது களத்தில் இறங்க வேண்டும்.

அதுவும் இயலாதெனில், நாளை மாலை எங்கள் பஸ்ஸைப் பத்தே நிமிடம் நிறுத்திவைக்க அனுமதி கொடுங்கள். கோடு வேண்டாம், கம்பம் வேண்டாம். நாங்கள் இருவரும் மைதானத்தின் அந்த ஓரம் வரை ஓடித் திரும்பி வந்து ஏறிக்கொள்கிறோம். மதிவதனி பின்தங்கினால் நடந்தே கூட்டி வருவேன். ஆகவே பத்து நிமிடம் என்பதைப் பன்னிரண்டு என்று வாசித்துக்கொள்ளவும்.

இடம்: பூந்தமல்லி
நாள்: 19.02.2025

தங்கள் ஆணைக்குக் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்,
உ. இஃபத்

இணைப்பு: மாணவியர் கையெழுத்துப் பட்டியல் (12 பேர்). முதல் பெயர் மதிவதனியுடையது. அவளே கேட்டு வாங்கி எழுதினாள்.