மாண்ட வேந்தரை வாழ்த்திய குற்றம்

திரு வளர்க. திரை தணிக. பவளப்பாறை சூழ்ந்த வெண்மணற்றீவைக் காக்கும் நாச்சியார் அலர்மேனி, மாநெடுங்கோட்டையில் வீற்றிருக்கும் பரிதிமுடியாரின் பேரர் கோவேளுக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குடிகளும் நலமுற்றிருக்கட்டும். யாம் நலமாக இல்லை.

பத்து நாள் முன்பு உம் கலங்கள் இரண்டு எம் துறைக்கு வந்தன. முப்பத்தோராண்டுக்குப் பின் உம் நாட்டிலிருந்து வந்த முதற்கலங்கள் அவை. தம் பன்றிக்கொடி இல்லாத கலத்தைக் கரைசேர விடலாகாது என்பது உம் பாட்டனார் எமக்கிட்ட ஆணை. வந்த கலங்களிலோ மயிற்கொடி பறந்தது. எழுபது அகவை கடந்த எம் துறைக்காவலர் நெய்தலாதனார், மார்பளவு நீரில் ஈட்டியோடு நின்று, பரிதிமுடியார் நீடு வாழ்க என்று முழங்கித் தடுத்தார். அவ்வேந்தர் மாண்டு இருபத்தெட்டு ஆண்டாயிற்றென்று உம் தளபதி நகைத்தார். பின்னர் முதியவரைத் துரோகியென்று விலங்கிட்டு, கழுவேற்றுவதற்காகக் கொண்டுபோனார்.

அவர் மாண்டதை எமக்கு யார் சொன்னார்? ஆண்டில் இரு திங்களே காற்று இசையும் கடல் இது. எம் சிறுபடகுகள் உம் கரைவரை தாங்கா. உம் வணிகர் வேறு வழி கண்டதும் எம்மை அடியோடு மறந்தீர். அரசரை மாற்றினீர், கொடியை மாற்றினீர், பேச்சையும் மாற்றிக்கொண்டீர். எம் பேச்சைக் கேட்டு உம் வீரர் வாய்பொத்திச் சிரித்தனர். யாமோ உம் பாட்டனார் தந்த படியிலேயே நெல் அளந்தோம். பிள்ளைக்குப் பெயரிடுமுன் அவர் ஆயுளுக்கு வேண்டினோம். கடற்கொள்ளையர் இருமுறை வந்தபோது, அவர் கொடி இறங்காதிருக்க எம்மவர் பதினெழுவர் மடிந்தனர். அவர்களுள் இருவர் நெய்தலாதனாரின் மைந்தர். இதையா துரோகமென்கிறீர்? உம் அவையில் இதைக் கேட்டு நாணுவார் ஒருவருமில்லையா?

எம் வழக்கம் ஒன்றும் அறிக. வேந்தர் மாண்டால், துறைக்காவலர் கடலை நோக்கி மும்முறை அறிவித்த பின்னரே எம் நாட்டில் துக்கம் தொடங்கும். புது வேந்தரின் பெயரும் அக்காவலர் வாய்வழியே வரவேண்டும். அறிவிக்க வேண்டியவரை நீர் கொண்டுபோனமையால், அழவும் இயலாமல் இருக்கிறோம்.

பின்தங்கிய உம் இரண்டாங்கலத்தின்வழி இவ்வோலை வருகிறது. காற்று மாறுமுன் நெய்தலாதனாரை உயிரோடும் மதிப்போடும் திருப்பி அனுப்புக. அவர் வரும்வரை, எம் சட்டப்படி உம் பாட்டனாரே உயிரோடு அரசாள்கிறார். நீர் அவருடைய பேரர் மட்டுமே.

எம் சங்கு இலச்சினை இட்டோம். இது எம் ஆணை.